பிரிக்காத அட்டை

பிரிக்காத அட்டை பேசக் கூடாது. கண்ணாடித் தாள் உறைக்குள் இருக்கும்வரை, மடிப்பில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் நாக்கை யாரும் உருவாதவரை, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரிக்கு உயிரே கிடையாது. வாங்குகிறவர் நாக்கை உருவிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பத்து விநாடி பேச வேண்டும். பிறகு யார் அட்டையைத் திறந்தாலும் அந்தக் குரல் கேட்கும். வாழ்த்து அட்டைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இதை அவள் கடை கடையாக விளக்கி அலுத்துப் போயிருந்தாள்.

"ஆனா பேசுதே," என்றாள் ரிப்பன் அக்கா.

பரிசுப் பொட்டலம் கட்ட வெட்டியெடுப்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு ரிப்பன்களைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டே நிற்பதால் அக்காவுக்கு அந்தப் பெயர். தையற்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே நெருக்கித் திணித்ததுபோல் இருக்கும் அவளுடைய கடை. ஒருபக்கம் தரையிலிருந்து கூரைவரை வாழ்த்து அட்டைகள், இன்னொரு பக்கம் பொம்மைகள், புகைப்படச் சட்டங்கள், மெழுகுவர்த்திகள். உள்ளே நுழைந்தால் புதுக் காகிதமும் பசையும் மெழுகும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நின்றுதான் விலை கேட்க வேண்டும்.

"என்ன பேசுது?"

"புரியல. மத்தியானம் ஆள் இல்லாத நேரமாப் பாத்து முணுமுணுங்குது. எலின்னு நெனச்சு பொறிகூட வச்சேன், கார்டு மேடம். வடை போச்சு, எலி வரல."

இருவரும் சிரித்தார்கள். சின்னக் கடைகளில் இருக்கும் குரல் அட்டைகளை எல்லாம் இன்று மாலைக்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று காலையில்தான் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. காரணம் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, என்ன பழுது என்று படிவத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அவள் ஓர் அட்டையை எடுத்து உறையைக் கிழித்தாள், நாக்கை உருவினாள், திறந்தாள். வெற்று அட்டை. ஒன்றும் கேட்கக் கூடாது.

மூச்சு கேட்டது.

மூக்கால் மெதுவாக இழுத்து, சற்று நேரம் பிடித்துவைத்து, சத்தம் வராமல் விடும் மூச்சு. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் ஆள் விடுகிற மாதிரி மூச்சு. பத்து விநாடி முடிந்ததும் 'டிக்' என்று நின்றது. படிவத்தில் 'இரைச்சல்' என்று எழுதினாள்.

மீதி அட்டைகளை எடுக்க அக்கா ஏணியில் ஏறினாள். அட்டைகள் இருந்த பெட்டியைத் திரும்ப ஒட்டுவதற்குப் பசைநாடாவின் ஒரு நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். தலை மேல்தட்டுக்குள் மறைந்துவிட்டது.

"வீட்டுல யாரு இருக்கா?" என்று கேள்வி வந்தது.

"பொண்ணுதான். ரெண்டு நாளா ஜுரம்," என்றாள் அவள், படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "லீவு கேட்டேன். இந்த வேலைய மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போன்னுட்டாங்க."

"தனியாவா?"

"தனியாத்தான். பக்கத்து வீட்டம்மா அப்பப்ப எட்டிப் பாக்குறேன்னாங்க. உள்தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுத்திருக்கா. என் குரல் கேட்டாத்தான் தொறப்பா."

சொல்லும்போதே குற்ற உணர்ச்சி நெஞ்சைக் குத்தியது. ஒன்பது வயதுக் குழந்தை. காலையில் கிளம்பும்போது நெற்றி அடுப்பு மாதிரி கொதித்தது. அக்கா இறங்கி வந்து ஒன்பது அட்டைகளை மேசைமேல் வைத்தாள். வீட்டில் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

இரண்டாவது கடை பழைய தபால்காரருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கடிதங்களை விட மனசு வராமல் அட்டைக் கடை வைத்தவர். எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதக் கை வராதவர்களுக்கும் அட்டைக்குள் நாலு வரி அழகாக எழுதித் தருவார். திருமண நாளை மறந்துவிட்டு மாலையில் அரக்கப் பரக்க ஓடிவரும் கணவர்கள்தான் அவருக்குப் பாதி வாடிக்கை. அன்று கடையில் ஈ காக்கை இல்லை. வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

"நல்ல வேளை வந்தீங்கம்மா. அந்த சனியன எடுத்துட்டுப் போங்க. பின்னாடி அலமாரியில பூட்டி வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனார்.

அவள் முன்னால் நின்றாள். கூரையில் தொங்கிய கண்ணாடி மணிகள் காற்றில்லாமலே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. சாலையில் லாரி போயிருக்கும் என்று நினைத்தாள்.

"பொண்ண வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பட்டாணின்னு. பொறந்தப்ப அவ்வளவு குட்டியா இருந்தா." குழந்தைக்கு வாழ்த்து எழுதித் தரத்தான் கேட்கிறார் என்று எண்ணி அவள் புன்னகைத்தாள்.

"கதவத் தொறக்க என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்றது? அம்மா வந்துட்டேன்னு சொல்லுவேன்." பதில் சொன்ன பிறகுதான் அது என்ன மாதிரிக் கேள்வி என்று தோன்றியது.

தபால்காரர் தூசி படிந்த தலையோடு வெளியே வந்தார். ஏழு அட்டைகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார். பிறகு மஞ்சள் பூப்போட்ட இன்னோர் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல? எப்பவோ சொன்னீங்க. அதுக்கு ஒண்ணு எழுதித் தரேன். பேரு என்ன?"

"இப்பத்தானே கேட்டீங்க?"

"நானா?" என்றார். "அலமாரிக்குள்ள தலைய விட்டுட்டு இருமிக்கிட்டு இருந்தேன் தாயி. நான் எதுவும் கேக்கலையே."

அவள் மேசையிலிருந்த ஓர் அட்டையின் உறையைக் கிழித்தாள். வேலையைப் பார்த்தால் பயம் விலகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நாக்கை உருவினாள். திறந்தாள்.

'வீட்டுல யாரு இருக்கா?'

வறண்ட குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. தாளைத் தாளோடு தேய்த்துத் தேய்த்து ஒரு வாக்கியம் செய்தது மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால், தெளிவாக, அவளுடைய குரல். 'பொண்ணுதான். ரெண்டு நாளா ஜுரம்…'

டிக்.

"என்னம்மா இது? உங்க குரல் மாதிரியே இருக்கு," என்றார் தபால்காரர்.

அவள் அடுத்த அட்டையைத் திறந்தாள். 'தனியாவா?' என்றது அதே வறண்ட குரல். 'தனியாத்தான்,' என்று அவளே பதில் சொன்னாள். பின்னணியில் ஏணி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அக்காவின் வாயில் பசைநாடா இருந்தது. பல்லில் கடித்துக்கொண்டிருந்தவள் எப்படிக் கேட்டிருக்க முடியும்? அந்தக் கடையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம் உண்டு. கேட்டது யார்?

"வயர்லெஸ் கோளாறா இருக்கும்," என்று தபால்காரர் சொன்னார். சொன்ன குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. மஞ்சள் அட்டையின் மேல் பேனா அப்படியே நின்றுகொண்டிருந்தது. "தாயி, நீங்க வீட்டுக்குப் போங்க. வேலை கிடக்குது."

போயிருக்க வேண்டும். பிறகு எத்தனை முறை அதை நினைத்தாலும் அந்த இடத்திலேயே அவள் மனம் போய் முட்டி நிற்கும். ஆனால் மூன்றாவது கடை வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. இதை முடிக்காமல் போனால் நாளைக்கும் கூப்பிடுவார்கள், நாளைக்கும் குழந்தையைத் தனியாக விட வேண்டும். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

வண்டியின் பின் இருக்கையில் பை கிடந்தது. வளைவுகளில் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து சரசரத்தன. நேரான சாலையிலும் சரசரத்தன. அவள் வானொலியைப் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும் அதை அணைத்தாள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருப்பது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்றாவது கடை கோப்பைக்காரியுடையது. புகைப்படத்தைக் கொடுத்தால் அரை மணியில் கோப்பையில் அச்சடித்துத் தரும் இளம்பெண். எப்போதும் வாயில் ஒரு பாட்டு இருக்கும். கடைக் கதவில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று எழுதிய அட்டை தொங்கியது. கதவு பூட்டவில்லை. விளக்குகள் எரிந்தன. அச்சு இயந்திரத்தில் சூடு இருந்தது, பக்கத்தில் தேநீர் பாதி குடித்தபடி ஆறிப் போயிருந்தது. அலமாரி முழுக்க மாதிரிக் கோப்பைகளில் யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

பதில் இல்லை. அவள் குரல் அலமாரிகளுக்கு இடையே போய்த் திரும்பி வரவும் இல்லை. ஏதோ அதை வாங்கி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

குரல் அட்டைகள் கடைசி வரிசையில் இருந்தன. பதினொன்று. உறைகள் கிழிபடவில்லை. ஆனால் ஒவ்வோர் அட்டையும் உறைக்குள்ளேயே உப்பி, வாய் பிளந்ததுபோல் பாதி திறந்திருந்தது. அவள் ஓரடி பின்வாங்கினாள். முதல் அட்டை பேசியது.

'சொரம்.'

இரண்டாவது அட்டை. 'ஜொரம். ஜுரம்.'

அதே வறண்ட குரல். குழந்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னது. 'தனியா. தனியாத்தான். தனியாத்தான் இருக்கா.' அடுத்தது கொஞ்சம் ஈரமான குரலில், கொஞ்சம் பெண் குரலில். அதற்கடுத்தது இன்னும் நெருங்கி. அவளுக்கே உரிய அந்த இழுப்பு, வாக்கியத்தின் கடைசியில் மூச்சு வாங்கும் பழக்கம், ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. எட்டு. ஒன்பது. அவளால் நகர முடியவில்லை. பத்து.

பதினொன்றாவது அட்டை அவள் குரலில் பேசியது. இம்மியும் பிசகாத அவள் குரல். அலுத்துக் களைத்த, அன்பான, மாலை ஆறு மணிக் குரல்.

'பட்டாணி, அம்மா வந்துட்டேன். கதவத் தொற.'

எந்தக் கடையிலும் அவள் இதை இப்படிச் சொல்லவே இல்லை.

ஓடினாள். பையை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் அடித்தாள்.

"நான் மக வீட்டுக்குக் கிளம்பி வந்துட்டேனே," என்றார் அந்த அம்மா. "நீதான வாசல்ல நின்னு சொன்ன, நான் வந்துட்டேன், நீங்க போங்கன்னு? நான் சமையக்கட்டுல இருந்து சரின்னேனே?"

அவள் இணைப்பைத் துண்டித்து வீட்டுக்கு அடித்தாள். ஏழு தடவை மணி அடித்த பிறகு எடுத்தது குழந்தை. ஜுரத்தில் குழைந்த குரல்.

"அம்மா…"

"பட்டாணி, நல்லாக் கேளு. யார் கூப்பிட்டாலும் கதவத் தொறக்காத. நான் கூப்பிட்டாக்கூடத் தொறக்காத. என் குரல் கேட்டாலும் தொறக்கக் கூடாது. புரியுதா?"

"அப்ப இப்பப் பேசறது யாரு?" என்றது குழந்தை.

"நான்தான்டா செல்லம். அம்மா."

"அம்மா, யாரோ கதவத் தட்டறாங்க."

இணைப்பு அறுந்தது. மறுபடி மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. துடைப்பான்கள் தள்ளத் தள்ளத் தண்ணீர் வந்து கண்ணாடியில் அறைந்தது. இருபது நிமிடச் சாலையை எப்படிக் கடந்தாள் என்று சொல்லத் தெரியாது. தெருவில் திரும்பியபோது மின்சாரம் போயிருந்தது. பக்கத்து வீட்டில் பூட்டு. அவள் வீட்டின் ஜன்னல்களில் திரை மூடியிருந்தது. குழந்தையின் கண்ணில் வெளிச்சம் படக் கூடாது என்று காலையில் அவளே மூடியது.

முன் கதவு சாத்தியிருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பித் தள்ளினாள். உள்தாழ்ப்பாள் இடித்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. கதவில் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் அழுதாள்.

"பட்டாணி! அம்மா வந்துட்டேன்!"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"போ!" என்றது குழந்தை. உள்ளறையிலிருந்து, எதற்கோ அடியிலிருந்து வருவதுபோல் அமுங்கிய குரல். "நீதான சொன்ன, உன் குரல் கேட்டாலும் தொறக்காதன்னு."

"ஆமாடி தங்கம். நல்ல பிள்ளை. தொறக்காத. அங்கேயே இரு."

"பின் கதவுலயும் நீதான் கூப்பிடற."

மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் காதைத் தீட்டினாள். ஆமாம். வீட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, சுவர்களைத் தாண்டி, சன்னமாக. கெஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் குரல்.

"அங்க போகாத பட்டாணி! அது நான் இல்ல!"

"அந்த அம்மாவும் அதையேதான் சொல்றாங்க." குழந்தை அழ ஆரம்பித்தது. "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடலாம். ஆனால் அவள் இங்கே பேசாமல் இருக்கும் அந்த அரை நிமிடத்தில் அங்கே ஒரு குரல் மட்டும் பேசும். குழந்தை எழுந்து போய்விட்டால்? பின் கதவுக்கு வெறும் கொக்கிதான். அவள் நகரவில்லை.

அப்போது பின்பக்கம் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தக் குரல் நின்றுவிட்டது.

"பட்டாணி?"

"அவங்க பேசறத நிறுத்திட்டாங்க," என்றது குழந்தை. விசும்பலுக்கு நடுவே ஒரு நிம்மதி. "போயிட்டாங்களா?"

போய்விட்டது. போய்விட்டதாகத்தான் இருக்க வேண்டும். அவள் மூளை தாறுமாறாக ஓடியது. அதற்குக் கிடைத்திருப்பது குரல் மட்டும்தான். கை கிடைக்கவில்லை. அவள் விரல்களைக் குழந்தைக்குத் தெரியும். நகங்களைத் தெரியும். ஒன்பது வருடம் பிடித்துக்கொண்டு தூங்கிய கை.

"பட்டாணி, கதவத் தொறக்க வேண்டாம். தபால் போடற ஓட்டை வழியா என் கைய உள்ள விடறேன். வந்து தொட்டுப் பாரு. அப்பத் தெரியும்ல, நான்தான்னு?"

பதில் வருவதற்கு முன்பே தகர மூடியைத் தள்ளிக் கையை உள்ளே விட்டாள். விளிம்பு தோலைக் கீறியது. மணிக்கட்டு. முழங்கைவரை. விரல்களை விரித்து இருட்டுக்குள் நீட்டினாள்.

உள்ளே காலடிகள். வெறுங்கால்கள். மெதுவாக, பூனைபோல, கதவை நோக்கி.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

"என் கண்ணு… என் தங்கம்…" அவள் தேம்பினாள். கதவில் கன்னத்தைப் பதித்தாள். அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சில்லென்று இருந்தது. ஜுரம் விட்டுவிட்டது என்று நினைத்தாள்.

வறண்டிருந்தது. வழவழப்பாக. மடிப்பு மடிப்பாக.

விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றின. சுற்றி முடித்து, இன்னொரு முறை சுற்றின.

"அம்மா?"

குழந்தையின் குரல். தூரத்திலிருந்து. உள்ளறையிலிருந்து.

"அம்மா, நான் கட்டிலுக்கு அடியில இருக்கேன். வரட்டுமா?"

அவள் கையை இழுத்தாள். வரவில்லை. தோள் கதவில் மோதியது. கத்த வாயைத் திறந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, அவள் குரல் முந்திக்கொண்டது. இதமாக.

"வா பட்டாணி. அம்மா கைய நீட்டிட்டே நிக்கறேன் பாரு."

"வராத! வராதடி!"

"வா. வாடி கண்ணு."

"வராத!"

"வா."

ஒரே குரல். ஒரே மூச்சு. நடுவில் ஒரு விரற்கடைப் பலகை.

உள்ளறையில் கட்டில் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, கூடத்தைக் கடந்து, சின்னக் காலடிகள் ஓடி வந்தன.